மூன்றால் வகுபடும் குறிநூல்: ஐந்திலக்க மறையெண்களில் கூட்டெண்ணைப் பிடிப்பது எப்படி?

புதுக்கணக்கு:

வணக்கம். இரண்டாம் உலகப்போர்க் கால ஜப்பானியக் கடற்படையின் ஜேஎன்-25 குறிமுறையை ஒட்டி அமைத்த பயிற்சி ஒன்றை உடைக்கப் பார்க்கிறேன், பாதியில் நிற்கிறது.

முறை இதுதான். குறிநூலில் ஒவ்வொரு சொல்லுக்கும் சொற்றொடருக்கும் ஓர் ஐந்திலக்க எண் உண்டு. அதைக் குறியெண் என்கிறேன். எல்லாக் குறியெண்களும் மூன்றால் மீதியின்றி வகுபடும். இன்னொரு புத்தகத்தில் பக்கம் பக்கமாக ஒழுங்கற்ற ஐந்திலக்க எண்கள், அவை கூட்டெண்கள். அனுப்புபவர் ஏதோ ஓர் இடத்தில் தொடங்கி, வரிசையாகக் கூட்டெண்களை எடுத்து, குறியெண்களோடு இலக்கம் இலக்கமாகக் கூட்டுகிறார். பத்தோ அதற்கு மேலோ வந்தால் கடைசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார், பக்கத்து இலக்கத்துக்கு எதுவும் போகாது. வருவது மறையெண், வானொலியில் போவது அதுதான்.

என்னிடம் ஏழு செய்திகள். எந்தச் செய்தியை எடுத்து எண்ணினாலும் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களும் ஏறக்குறைய சம அளவில் வருகின்றன. எது அதிகம் வருகிறது என்று பார்க்கும் வழக்கமான வழி பிடி கொடுக்கவில்லை. ஆறு செய்திகளை ஒன்றன்கீழ் ஒன்றாகச் சரியான இடத்தில் அடுக்கிவிட்டதாக நினைக்கிறேன். அதில் ஒரு நெடுவரிசை:

14545
55196
80461
14545
33234
98959

முன்பே தெரிந்த குறியெண்கள் மூன்று: முற்றுப்புள்ளி 41709, "வந்து சேரும்" 82350, "எண் தொடங்குகிறது" 17625.

அடுக்கியது சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? கூட்டெண்ணை எப்படி எடுப்பது? மூன்றால் வகுபடும் தன்மை எந்த இடத்தில் கைகொடுக்கும்? மறையெண்களில் அது தெரியவே இல்லையே.

தறிநூல்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், குழப்பம் அங்கேதான். மறையெண்ணில் மூன்றைத் தேடிப் பயனில்லை. இலக்கத்துக்கு இலக்கம் பத்தைக் கழித்துவிட்டுக் கூட்டும்போது வகுபடும் தன்மை சிதறிப்போகும். உங்கள் வரிசையில் 33234க்கு இலக்கக் கூட்டுத்தொகை 15, வகுபடுகிறது. 14545க்கு 19, வகுபடவில்லை. முதலாவது வெறும் தற்செயல். கூட்டெண்ணை நீக்கிய பிறகுதான் மூன்று பேசும்.

ஒரு நெடுவரிசையில் உள்ள எல்லா மறையெண்களுக்கும் கூட்டெண் ஒன்றே. ஆகவே இரண்டு மறையெண்களை இலக்கம் இலக்கமாகக் கழித்தால் கூட்டெண் விழுந்துவிடும். மிஞ்சுவது இரண்டு குறியெண்களின் வித்தியாசம். 55196இலிருந்து 14545ஐக் கடன் வாங்காமல் கழியுங்கள்: 5−1=4, 5−4=1, 1−5 எதிர்மம் என்பதால் பத்தைச் சேர்த்து 6, 9−4=5, 6−5=1. விடை 41651. இப்போது உங்களிடம் உள்ள குறியெண்களில் 82350இலிருந்து 41709ஐ அதே முறையில் கழித்தாலும் 41651 வருகிறது. இரண்டாவது மறையெண் "வந்து சேரும்", முதலாவது முற்றுப்புள்ளி என்பதற்கு இது முதல் சாட்சி.

சாட்சி ஒன்று போதாது. முற்றுப்புள்ளி என்று வைத்துக்கொண்டு 14545இலிருந்து 41709ஐக் கழித்தால் கூட்டெண் 73846. இதை நெடுவரிசை முழுவதிலும் கழியுங்கள்:

14545 → 41709, கூட்டுத்தொகை 21
55196 → 82350, கூட்டுத்தொகை 18
80461 → 17625, கூட்டுத்தொகை 21
33234 → 60498, கூட்டுத்தொகை 27
98959 → 25113, கூட்டுத்தொகை 12

எல்லாமே மூன்றால் வகுபடுகின்றன. மூன்றாவது வரிசை உங்கள் பட்டியலில் உள்ள "எண் தொடங்குகிறது" ஆகவே வந்திருக்கிறது. 60498, 25113 இரண்டும் உங்களுக்குப் புதிய குறியெண்கள். பொருள் தெரியாவிட்டாலும் குறித்து வையுங்கள்.

தவறான ஊகம் எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சரியானதை நம்ப முடியாது. 14545தான் "வந்து சேரும்" என்று கொண்டால் கூட்டெண் 32295. அதை நீக்கினால் 55196 → 23901, கூட்டுத்தொகை 15, வகுபடுகிறது! அடுத்தது 80461 → 58276, கூட்டுத்தொகை 28, இல்லை. 33234 → 01049, கூட்டுத்தொகை 14, இல்லை. 98959 → 66764, கூட்டுத்தொகை 29, இல்லை. ஒவ்வொரு எண்ணும் தற்செயலாகத் தேற மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒன்று தேறியதற்காக மகிழ்ந்துவிடக் கூடாது. நான்கைந்து சேர்ந்து தேற வேண்டும்.

பெரிய அளவில் செய்யும்போது அடிக்கடி வரும் 50 குறியெண்களை எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்த எல்லா வித்தியாசங்களையும் வரிசைப்படுத்தி வைத்துக்கொள்வார்கள்: 50×49 = 2,450 எண்கள். ஒரு லட்சம் எண்களில் 2,450 என்றால், எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு மறையெண்களின் வித்தியாசம் பட்டியலில் அகப்பட 2.45 விழுக்காடு வாய்ப்பு. பத்துச் செய்தி ஆழமுள்ள, அதாவது பத்து மறையெண்கள் கொண்ட நெடுவரிசையில் 45 இணைகள் உண்டு. ஆகவே சராசரியாக ஒரு பொய் ஒற்றுமை வரத்தான் செய்யும். அதை மீதமுள்ள எட்டு எண்களால் சோதித்தால், தற்செயலாகத் தப்பிக்க வாய்ப்பு 6,561இல் ஒன்று.

அடுக்குதல் பற்றி. சரியாக அடுக்கிய இரண்டு செய்திகளில் ஒரே சொல் ஒரே நெடுவரிசையில் வந்தால் மறையெண்ணும் ஒன்றாகவே இருக்கும். உங்கள் வரிசையில் 14545 இரண்டு முறை வந்திருப்பது அதனால்தான். ஆறு எண்களில் 15 இணைகள். தற்செயலாக ஒன்று ஒத்துப்போக 1,00,000இல் 15 வாய்ப்புத்தான். முதல் செய்தியும் நான்காவதும் சரியாக நிற்கின்றன என்று இதைக்கொண்டு நம்பலாம். மற்றவற்றுக்கு வேறு நெடுவரிசைகளிலும் இப்படிப்பட்ட ஒற்றுமை வேண்டும்.

ஒரே ஓர் ஒற்றுமையை வைத்து அடுக்காதீர்கள். நூறு எண்கள் கொண்ட இரண்டு செய்திகளுக்கு இடையே 10,000 ஒப்பீடுகள் இருக்கின்றன. அதில் பொய்யான ஒற்றுமை வர பத்தில் ஒரு வாய்ப்பு. அதே இடைவெளியில் இரண்டு ஒற்றுமைகள் வந்தால் கதை வேறு: அது தற்செயலாக நடக்க ஏறத்தாழ 30,000இல் ஒன்று. ஆனால் 1,000 செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் 4,99,500 இணைகள், ஆகவே பதினாறு பதினேழு பொய் இரட்டைகள் அங்கேயும் கிடைக்கும். இரட்டை கிடைத்ததும் அந்த இடத்தில் அடுக்கி, பக்கத்து நெடுவரிசைகளும் உடைகின்றனவா என்று பாருங்கள். உடையாவிட்டால் தயங்காமல் பிரித்துவிடுங்கள். ஒரு தவறான செய்தியை உள்ளே வைத்திருந்தால் சரியான கூட்டெண்கூட அந்த ஒரு வரியால் தள்ளப்பட்டுவிடும்.

நிரல் எழுதுவோர் விழும் பள்ளம் இரண்டு. மறையெண்ணை முழு எண்ணாகப் படித்தால் 01049 என்பது 1049 ஆகி இலக்கம் இடம் மாறிவிடும். எழுத்துச் சரமாகவே வையுங்கள். அடுத்து, மீதி காணும் செயல்: பைத்தானில் −4ஐப் பத்தால் வகுத்த மீதி 6 என்று வரும், சி மொழியிலும் ஜாவாவிலும் −4 என்றே வரும். அங்கே கழிப்பதற்கு முன் பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுக்கணக்கு:

நன்றி, கழித்தல் இப்போது பிடிபட்டது. ஆனால் ஒரு சிக்கல். ஊகமே இல்லாமல், 00000 முதல் 99999 வரை ஒரு லட்சம் கூட்டெண்களையும் இந்த நெடுவரிசையில் ஓட்டிப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் தேறுகின்றன. அவற்றில் 82846ம் ஒன்று. அதை நீக்கினால் 32709, 73350, 08625, 51498, 16113. ஐந்தும் மூன்றால் வகுபடுகின்றன. 73846தான் சரி, 82846 தவறு என்று எதை வைத்துச் சொல்வது? ஏழாவது செய்தியையும் இப்போது அடுக்கிவிட்டேன். இதே நெடுவரிசையில் அதன் மறையெண் 76007.

மீதிமூன்று:

நூற்றுக்கணக்கில் வருவது இயல்பு. வேறு வேறான ஐந்து எண்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒன்று: 1,00,000ஐ 243ஆல் வகுத்தால் ஏறத்தாழ 411. முழுத் தேடலுக்கு ஐந்து ஆழம் போதவே போதாது. தறிநூல் சொன்னபடி தெரிந்த குறியெண்ணிலிருந்து தொடங்கினால் சோதிக்க வேண்டியவை சில நூறுதான்; பொய்களும் அதே அளவுக்குக் குறையும்.

82846 மட்டும் தனிக் கதை. அதைச் சற்று நேரம் பார்க்கலாம், ஏனென்றால் கையால் செய்பவர்களும் கணினியில் செய்பவர்களும் ஏமாறும் இடம் இதுதான். 73846ஓடு ஒப்பிடுங்கள்: முதல் இலக்கம் ஒன்று கூடியிருக்கிறது, இரண்டாவது ஒன்று குறைந்திருக்கிறது. அதனால் நீக்கி வரும் எண்ணில் முதல் இலக்கம் ஒன்று குறையும், இரண்டாவது ஒன்று கூடும். கூட்டுத்தொகை மாறாது. வகுபடும் தன்மையும் மாறாது. இது தற்செயல் அல்ல, சரியான விடையின் நிழல்.

நிழல் எப்போது கலையும்? முதல் இலக்கம் 0 ஆக இருந்தால் ஒன்று குறையும்போது 9 ஆகிவிடும். இரண்டாவது 9 ஆக இருந்தால் ஒன்று கூடும்போது 0 ஆகிவிடும். இந்த இரண்டில் ஒன்று மட்டும் நடந்தால் கூட்டுத்தொகை பத்து எகிறும் அல்லது இறங்கும், மூன்று அங்கே முறியும். இரண்டும் சேர்ந்து நடந்தால் ஈடாகி மறுபடி தப்பிவிடும். இலக்கங்கள் சமமாகப் பரவியிருந்தால் ஓர் எண் தப்பும் வாய்ப்பு 0.9×0.9 + 0.1×0.1 = 0.82. மூன்றில் ஒன்று அல்ல, 82 விழுக்காடு!

உங்கள் ஏழாவது செய்தி இதை முடித்துவைக்கிறது. 76007இலிருந்து 73846ஐ நீக்கினால் 03261, கூட்டுத்தொகை 12, வகுபடுகிறது. 82846ஐ நீக்கினால் 94261, கூட்டுத்தொகை 22, வகுபடவில்லை. முதல் இலக்கம் 0 என்பதால் நிழல் கலைந்தது.

ஐந்து இடங்களில் ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்க 20 வழிகள். ஆகவே எந்தச் சரியான கூட்டெண்ணைச் சுற்றியும் இப்படி 20 நிழல்கள் நிற்கும். ஐந்து ஆழத்தில் சராசரியாக ஏழு உயிரோடிருக்கும், பத்து ஆழத்தில் கிட்டத்தட்ட மூன்று, இருபதில் 0.4க்குக் கீழ். இதுபோக ஓர் இலக்கம் மட்டும் மூன்று கூடியோ குறைந்தோ வரும் பத்து நிழல்கள். அவற்றில் ஓர் எண் தப்ப 0.7 வாய்ப்பு, ஆகவே சீக்கிரம் உதிரும். மூன்று இலக்கங்கள் சேர்ந்து நகரும் நிழல்களும் உண்டு, அவையும் அப்படித்தான்.

ஆகவே மூன்றால் வகுபடுவதை முதல் சல்லடையாக மட்டும் வையுங்கள். இறுதித் தீர்ப்பு குறியெண்களின் வரவு எண்ணிக்கையிடம். முற்றுப்புள்ளி எல்லா நெடுவரிசைகளிலும் திரும்பத் திரும்ப வரும், 32709 வராது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தேறிய கூட்டெண்களை வைத்து, அவை தரும் குறியெண்கள் வேறு நெடுவரிசைகளில் உறுதியானவையா என்று மதிப்பெண் போடுங்கள். நிழல்கள் உடனே கீழே போய்விடும்.

அலைவரிசை:

இதன் வரலாற்றைச் சொல்லாமல் விட்டால் அந்த "மூன்று" எதற்கு வந்தது என்பதே புரியாது.

ஜப்பானியக் கடற்படை இம்முறையை 1939 ஜூன் 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கூட்டெண் பூசிய குறிநூல் என்பதை அதே ஆண்டிலேயே பிரிட்டனின் குறியுடைப்பாளர் ஜான் டில்ட்மன் கண்டுகொண்டார். 1940 டிசம்பர் 1 அன்று புதிய குறிநூல் வந்தது. ஆனால் அன்றே கூட்டெண் புத்தகத்தை மாற்றவில்லை. ஏற்கெனவே மீட்டிருந்த கூட்டெண்களை அப்படியே நீக்கி, புதிய குறியெண்களை வெறுமையாகப் பார்க்க முடிந்தது. இரண்டு புத்தகங்களையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எதிரிக்குச் சுவர்தான் மிஞ்சியிருக்கும். குறிமுறை வரலாற்றில் நிர்வாகச் சோம்பல் இப்படி எத்தனையோ பூட்டுகளைத் திறந்திருக்கிறது.

மூன்றால் வகுபட வைத்தது பிழை பிடிக்க. மோர்ஸில் ஓர் இலக்கம் தவறாகக் கேட்டால், கூட்டெண்ணை நீக்கியதும் வரும் எண் மூன்றால் வகுபடாது. பெறுபவர் உடனே திரும்பக் கேட்பார். 00000 முதல் 99999 வரை இப்படி வகுபடும் எண்கள் 33,334. ஒரு பெரிய குறிநூலுக்குப் போதும். ஆனால் பிழை பிடிக்கும் திறனே அரைகுறை. ஓர் இலக்கம் 3, 6, 9 அளவில் மாறினால் தெரியாது: சாத்தியமான 90 மாற்றங்களில் 24 இப்படித் தப்பும். மறைப்பதற்கு முன் குறியெண்ணிலேயே இரண்டு இலக்கங்கள் இடம் மாறிய பிழையோ ஒருபோதும் பிடிபடாது, கூட்டுத்தொகை அதேதானே. இவ்வளவு சிறிய பயனுக்காக, உடைப்பவர்களின் ஒவ்வோர் ஊகத்துக்கும் ஆம் இல்லை சொல்லும் சோதனைக் கல்லைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக் கடலோடும் இதற்குத் தொடர்பு உண்டு. தூரக்கிழக்கில் பிரிட்டனின் செய்தி உடைப்புப் பிரிவு 1939இல் ஹாங்காங்கிலிருந்து சிங்கப்பூருக்கும், 1942 ஜனவரியில் கொழும்புக்கும் வந்தது. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் கொழும்பைத் தாக்க வருகின்றன என்ற எச்சரிக்கை உடைத்த செய்திகளிலிருந்தே கிடைத்தது. ஏப்ரல் 1 வாக்கில் தாக்குதல் வரும் என்று எதிர்பார்த்து பிரிட்டனின் கிழக்குக் கடற்படை இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தது. வராததால் எரிபொருளுக்காக மாலத்தீவின் அட்டு பவளத்தீவுக்குத் திரும்பியது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பும், 9 அன்று திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. செய்தி உடைப்புப் பிரிவு அம்மாதமே கென்யாவில் மொம்பாசா அருகே கிலிந்தினிக்குப் போய், 1943இல் கொழும்புக்குத் திரும்பியது. உடைத்த செய்தி எவ்வளவு மதிப்புள்ளதோ அவ்வளவு துண்டுதுண்டானது என்பதற்கு அந்த ஏப்ரல் நல்ல சான்று.

இரண்டு மாதம் கழித்து, பசிபிக் தீவான மிட்வேயில் அமெரிக்காவும் ஜப்பானும் மோதிய கடற்போர். ஹவாயில் அமெரிக்கக் கடற்படையின் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் நடத்திய குறியுடைப்புக் குழு, "ஏஎஃப்" என்ற இடக்குறி மிட்வேதான் என்று நம்பியது. ஆனால் குறிநூலில் இடப்பெயர்களுக்கு வேறு சான்று கிடையாது. மிட்வேயில் நன்னீர் வடிக்கும் இயந்திரம் பழுது என்று மறைக்காத மொழியில் ஒரு செய்தியை அனுப்பச் செய்தார்கள். ஏஎஃப்-இல் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று ஜப்பானியச் செய்தி ஒன்று அதைத் திருப்பிச் சொன்னது. கூட்டெண்ணை நீக்குவது கணக்கு. குறியெண்ணுக்குப் பொருள் காண்பது இப்படி வெளியுலகைத் தொட்டுத்தான்.

ஒரு யோசனை. பிழை பிடிக்க வேண்டும், மூன்றும் கூடாது என்றால், இலக்கக் கூட்டுத்தொகை பத்தால் வகுபடும்படி குறியெண்களை அமைத்திருக்கலாமே? ஒற்றை இலக்கப் பிழை ஒன்றுகூடத் தப்பாது.

தறிநூல்:

அலைவரிசை, பிழை பிடிப்பதில் அது மேல். இரகசியத்தில் மிக மோசம், மூன்றைவிட மோசம்.

மூன்று என்பது பத்தின் வகுத்தி அல்ல. அதனால்தான் கூட்டும்போது வகுபடும் தன்மை சிதறி, கூட்டெண் தெரியும்வரை ஒளிந்திருக்கிறது. பத்துக்கு அந்த மறைவு இல்லை. இலக்கம் இலக்கமாகக் கூட்டுவதே பத்தின் மீதிக் கணக்குத்தான். குறியெண்ணின் கூட்டுத்தொகை எப்போதும் 0இல் முடியுமானால், மறையெண்ணின் கூட்டுத்தொகை எப்போதும் கூட்டெண்ணின் கூட்டுத்தொகை முடியும் இலக்கத்திலேயே முடியும்.

எண்ணில் பாருங்கள். கூட்டெண் 73846, கூட்டுத்தொகை 28, முடிவு 8. 41708 என்ற குறியெண்ணை (கூட்டுத்தொகை 20) மறைத்தால் 14544. கூட்டுத்தொகை 18, முடிவு 8. 82352ஐ (இதுவும் 20) மறைத்தால் 55198. கூட்டுத்தொகை 28, முடிவு 8. நெடுவரிசை முழுக்க 8. எந்தக் குறியெண்ணும் தெரியாமலேயே, எந்த ஊகமும் இல்லாமலேயே, செய்திகளைச் சரியாக அடுக்கிவிடலாம்: சரியான இடத்தில் முடிவிலக்கம் எல்லா நெடுவரிசையிலும் ஒத்துப்போகும், தவறான இடத்தில் பத்தில் ஒன்றுதான் ஒத்துப்போகும். தொடர்ந்து எட்டு ஒத்துப்போனால் பத்துக் கோடியில் ஒன்று. ஒரே சொல் ஒரே நெடுவரிசையில் வரும்வரை காத்திருக்கவே வேண்டாம்.

பிழை பிடிக்கும் இலக்கத்தைச் சேர்க்க வேண்டிய இடம் மறைத்த பிறகு. மறையெண்ணின் ஐந்து இலக்கங்களுக்கு ஆறாவதாக ஒரு சோதனை இலக்கம். செய்தி 20 விழுக்காடு நீளும். ஆனால் எல்லோரும் கேட்கும் எண்ணிலிருந்தே அது கணக்கிடப்படுவதால் புதிதாக எதையும் கசியவிடாது. இடம் மாறும் பிழையும் பிடிபட வேண்டுமானால் இலக்கங்களுக்கு 1, 3, 1, 3, 1 என்று எடை கொடுத்துக் கூட்டுங்கள். அடுத்தடுத்த இலக்கங்களில் 5 வித்தியாசம் உள்ள இணைகள் மட்டும் தப்பும்.

புதுக்கணக்கு:

அடுத்த நான்கு நெடுவரிசைகளும் உடைந்தன. இன்னொரு சந்தேகம். கூட்டெண் புத்தகம் ஒரே முறைதான் பயன்படும் என்றால் இது ஒன் டைம் பேட் (ஒவ்வொரு சாவியையும் ஒரே முறை பயன்படுத்தும் உடைக்க முடியாத மறைப்பு) தானே? அப்போதும் மூன்றால் வகுபடுவது உதவுமா? இரண்டே இரண்டு முறை பயன்பட்டால்?

மீதிமூன்று:

ஒரே முறை என்றால் உதவாது. ஆழம் ஒன்று. வந்த மறையெண்ணிலிருந்து 33,334 குறியெண்களில் எதை வேண்டுமானாலும் கழிக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கூட்டெண் கிடைக்கும், எல்லாம் சம வாய்ப்பு. குறிநூல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் சரி. ஒரே நிபந்தனை: கூட்டெண்கள் உண்மையிலேயே ஒழுங்கற்றவையாக இருக்க வேண்டும், தட்டச்சு செய்பவர் மனதில் தோன்றியதாக இருக்கக் கூடாது.

அளவைப் பாருங்கள். 50,000 கூட்டெண்கள் கொண்ட புத்தகம், செய்திக்கு 100 எண்கள் என்றால் 500 செய்திகளில் புத்தகம் தீர்ந்துவிடும். 5,000 செய்தி அனுப்பினால் சராசரி ஆழம் பத்து. கடற்படை அளவில் அது வெகு சீக்கிரம் வந்துவிடும். அனுப்புபவர்கள் பக்கத்தின் தொடக்கத்திலேயே ஆரம்பிக்கும் பழக்கம் இருந்தால் சில இடங்களில் ஆழம் இன்னும் கூடும்.

இரண்டு முறை பயன்பட்டதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வெனோனா, சோவியத் இரகசியச் செய்திகளை அமெரிக்கா உடைத்த திட்டம். சோவியத் தரப்பு 1942இன் தொடக்க மாதங்களில் ஒன் டைம் பேட் ஏடுகளில் சில பக்கங்களை இரட்டையாக அச்சிட்டுவிட்டது. அவை வெவ்வேறு ஏடுகளில் கலந்து போயின. அமெரிக்க ராணுவத்தின் குறியுடைப்பு மையமான ஆர்லிங்டன் ஹாலில் 1943 பிப்ரவரியில் தொடங்கிய வேலையில், அதே ஆண்டு அக்டோபரில் ரிச்சர்ட் ஹாலக் வணிகச் செய்திகளில் இந்த இரட்டிப்பைக் கண்டார். 1946 டிசம்பரில் மெரிடித் கார்ட்னர், அணுகுண்டுத் திட்ட விஞ்ஞானிகளின் பெயர்கள் அடங்கிய செய்தியைப் படித்தார். வேலை 1980 வரை நீண்டது, அப்போதும் பெரும்பகுதி உடையவில்லை. ஆழம் இரண்டு என்பது அவ்வளவு கடினம்.

அங்கே வழி இதுதான். இரண்டு செய்திகளையும் கழித்து வித்தியாச வரிசையை எடுங்கள். ஒரு செய்தியில் ஓர் இடத்தில் தெரிந்த குறியெண்ணை வையுங்கள். மறு செய்தியின் குறியெண் தானே வெளிவரும். அதுவும் தெரிந்த குறியெண்ணாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றால் வகுபடுகிறது என்பது மட்டும் இங்கே போதாது, மூன்றில் ஒன்று தற்செயலாகவே தேறும். பெயரை எழுத்தெழுத்தாக எழுதும் பகுதிகள்தான் சிறந்த பிடி: "எழுத்து தொடங்குகிறது" என்ற குறியெண்ணும் "எழுத்து முடிகிறது" என்ற குறியெண்ணும் இணையாகவே வரும், ஒன்று அகப்பட்டால் மற்றதை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இன்றைய கணினியிலும் இதே நோய் வேறு பெயரில் இருக்கிறது. வைஃபையின் பழைய மறைப்பு முறையான WEP-இல், ஒவ்வொரு பொட்டலத்துக்கும் (தரவுத் துண்டுக்கும்) மாற வேண்டிய தொடக்க எண் 24 பிட், அதாவது 1,67,77,216தான். அதைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ 4,800 பொட்டலங்களிலேயே ஒன்று திரும்ப வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. திரும்பினால், கூட்டெண்களின் வேலையைச் செய்யும் சாவி ஓடை அதே, ஆழம் இரண்டு. ஒவ்வொரு பொட்டலத்திலும் மாறாமல் வரும் தலைப்புப் பகுதி உங்கள் முற்றுப்புள்ளி செய்யும் வேலையைச் செய்யும். இன்று பரவலாகப் பயன்படும் ஏஇஎஸ்-ஜிசிஎம் (AES-GCM) மறைப்பு முறையில் அதே சாவியோடு அதே தொடக்க எண் இருமுறை போனால் இன்னொரு கேடும் சேரும்: செய்தியை உறுதிசெய்யும் உள்சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம், பிறகு போலிச் செய்தியை உள்ளே விடலாம். ஆகவே சேவையகம் மறுதொடக்கம் ஆகும்போது தொடக்க எண்ணைத் தரும் எண்ணி (கவுன்டர்) மறுபடி 0க்குப் போகாதபடி வட்டில் எழுதி வையுங்கள். காப்புப் பிரதியிலிருந்து மீட்ட மெய்நிகர் இயந்திரங்களில் பழைய எண்ணியே திரும்பி வரும். அங்கே சாவியையே புதிதாக்கிவிடுங்கள்.